ஒன்று, ஒன்பது

ரூசே நகராட்சிக் கட்டடம், மூன்றாம் மாடி.
மார்ச் முடியப்போகிறது; ஹீட்டரை அணைத்துவிட்டார்கள்.
சோர்னித்சாவின் மணிக்கட்டில்
சிவப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய நூல்.
நாரையைக் கண்டால்தான் அவிழ்க்கலாம்.
டான்யூபின் மேல் இந்த வருஷம்
எல்லாமே தாமதம்.

மேசையில் கணக்கு வாத்தியார் கிராசிமிரின் கடிதம்:
மழலையர் பள்ளி இடங்களுக்குப்
போன வருஷம் நீங்கள் போட்ட திருவுளச்சீட்டை
என் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன்.
காலை பத்து மணி மூன்று விநாடி என்று கொடுத்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு பெயரும்
அதே வரிசையில் வந்தன.
என் மகள் அதே இருநூற்றெட்டில்.

வேறொன்றும் கேட்கவில்லை.

நிரலைக் கூண்டில் அடைத்தது அவள்தான், பாதுகாப்புக்காக.
உள்ளே மூன்று நூலகக் கோப்பு, ஒரு பெயர்ப் பட்டியல்,
டெவ் என்று ஒரு காலி அறை.
தற்செயலைக் கேட்டு நிரல் தட்டிய இடத்தில்
கதவே இல்லை.
அது வாய்விட்டுச் சொல்லவில்லை;
கடிகாரத்தைப் பார்த்தது,
பார்த்த நேரத்தையே விதை என்று வைத்துக்கொண்டது.
குடம் இருந்தது. ஓலை இருந்தது.
குலுக்கத்தான் ஆளில்லை.

இரவு ரூட்டாக நுழைந்தாள்.
எம்கேநாட், பெயர் யுராண்டம்,
சி என்ற எழுத்து, ஒன்று, ஒன்பது.
ஒன்று, கர்னலில் அந்தக் குடும்பத்தின் எண்.
ஒன்பது, அதில் கேட்கக் கேட்கக் கொடுக்கும் பிள்ளை.
பார்க்கக் கோப்பு மாதிரி இருக்கும்,
எத்தனை பைட் என்றால் சொல்லாது.
வட்டில் இருப்பது பெயர்ப்பலகை மட்டும்;
வீடு கர்னலுக்குள்.

படித்துப் பார்த்தாள். அனுமதி மறுப்பு.
ஆறு ஆறு ஆறு என்று எல்லோருக்கும் திறந்துவிட்டாள்.
மறுபடி மறுப்பு.
ஒக்னியானைத் தொலைபேசியில் எழுப்பினாள்.
"நோடெவ்," என்றான் தலையணைக்குள்ளிருந்து,
"எஃப்எஸ்டேப்பைப் பார்." வைத்துவிட்டான்.
பார்த்தாள்.
நாலு வருஷத்துக்கு முன் அவளே எழுதிய சொல்,
இரண்டு காற்புள்ளிக்கு நடுவில்
நல்ல பிள்ளையாய் உட்கார்ந்திருந்தது.
அழித்தாள். பகிர்வை மீண்டும் ஏற்றினாள்.

வந்தது:
ஏழு, இருநூற்று நாற்பது, பூஜ்யம்,
தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றொன்று.
ஒரே எண் அடுத்தடுத்து வரத்
தற்செயலுக்கு வெட்கமில்லை.

எங்கிருந்து?
வலைக்கம்பியில் பொட்டலங்கள் வந்துசேர்ந்த இடைவெளி.
வட்டு கொஞ்சம் முன்பின்னாய்ச் சொன்ன பதில்.
விசைக்கும் விசைக்கும் நடுவே
விரல் நின்ற நேரம்.
பட்டியலில் முன்னூற்று ஏழாம் விண்ணப்பம்
லியூபென், வயது மூன்று, தாய் சோர்னித்சா.
அந்த வரியில் விரல் நின்றது.
அதுவும் உள்ளே போயிருக்கும்.
கலக்கிய பிறகு
அது யாருடைய தயக்கம் என்று
கர்னலுக்கே தெரியாது.

காலை பத்து மணி.
பெற்றோர் பதினைந்து பேர், ஈரக் குடைகள்.
பின்வரிசையில் வாத்தியார், எதற்கென்று தெரியவில்லை;
அவர் மகளுக்கு இனி மழலையர் பள்ளி வேண்டாம்,
செப்டம்பரில் முதல் வகுப்பு.
அரை விநாடிகூட ஆகவில்லை.
இடம் தொண்ணூறு.
லியூபென் நூற்று முப்பத்தாறு.

"விதை என்ன?" என்று கேட்டார் வாத்தியார்.
"தெரியாது," என்றாள்.
இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து
இவ்வளவு நிச்சயமாய்
அவள் எதையும் சொன்னதில்லை.

மத்தியானம் பிள்ளை பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம்
இன்னொரு வருஷத்துக்கு என்ன கேட்பாய் என்று விசாரித்தாள்.
கூட்டித்தான் சொன்னாள்.
பிறகு இயந்திரத்தை அணைத்து எழுப்பிக்
கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள்:
சி, ஒன்று, ஒன்பது.
இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஆற்றின் மேல்
வெள்ளையாய் ஏதோ தாழப் பறந்தது.
நாரையா, காற்றில் போன பையா,
கண்ணாடி அழுக்கு.
நூலை அவிழ்க்கவில்லை.